பேர் போடாத வேலை

அந்த நாற்காலியில ஒக்காராதே தாயி, அதுக்கு ஒரு கால் ஒடிஞ்சிருக்கு. இப்பத்தான் ஒருத்தர் விழுந்து எந்திரிச்சுப் போனாரு. இந்தப் பக்கம் வா. பையை எம் பைக்கு மேலயே வச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது, உள்ள பழைய பைல்தான் கிடக்கு.

உள்ள போயிருக்கது ஒம் மகளா? என்ன படிப்பு, பி.காமா. சரி. வயசு இருபத்தொண்ணு. சரி சரி.

எம் மகளும் உள்ளதான் இருக்கா. சண்முகவடிவுன்னு பேரு, வடிவுன்னு கூப்பிடுவோம். முப்பத்தொம்பது வயசு. ஏன் பாக்குறே, முப்பத்தொம்பதுதான். இந்தப் பள்ளிக்கூட வாசல்ல நின்ன வாத்தியாரும் இப்படித்தான் பாத்தாரு. "பிள்ளைங்க மட்டும் உள்ள போகட்டும், கூட வந்தவங்க எல்லாரும் பந்தல்ல ஒக்காருங்க"ன்னு எங்க ரெண்டு பேரையும் சேத்தே சொன்னாரு. அவ பைலைத் தூக்கிக் காட்டிட்டு உள்ள போயிட்டா.

அவ இப்ப பேசறதே இல்ல தாயி. எட்டு மாசமா வீட்டுல ஒக்காந்திருக்கா. சோறு பொங்குறா, துணி தொவைக்கிறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. அவ்வளவுதான். டி.வி. ஓடும், அவ கண்ணு அதுல இருக்காது. எங் கையவே பாத்துக்கிட்டு இருப்பா. முழங்கைக்கு உள்பக்கம் நரம்பு எங்க ஓடுதுன்னு பாப்பா. ரத்தம் எடுத்துப் பழகின பிள்ளை. லேப் டெக்னீசியன். இன்னைக்கு ஒரு வேலை கெடச்சாத்தான் அவ ஆளாவா. இந்த வயசுக்கு மேல இந்த மாதிரி வேலைவாய்ப்பு முகாமுக்குக் கூட்டிட்டு வர எனக்கும் தெம்பு இல்ல.

மைக்குல பேசறதக் கேட்டியா? காலையில இருந்து அதே பேச்சுத்தான். வேலைச் சந்தை எப்படி இயங்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க, எங்க தேவை இருக்கோ அங்க வேலை இருக்கு, ஒங்க அனுபவத்த எடுத்துக் காட்டுங்க. சந்தையாம்ல. தக்காளியா விக்கிறாங்க? நான் முப்பத்திமூணு வருஷம் தாலுகா ஆபீஸ்ல உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. வேலை எப்படிக் கெடைக்கும்னு எனக்குத் தெரியாதா? வேலைங்கிறது வரிசை தாயி. வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதியணும். நம்பர் குடுப்பாங்க. மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். பொறுமையா இருக்கணும். நம்ம முறை வந்தா வேலைக்குக் கூப்பிட்டு கார்டு வரும். இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?

எனக்கு வந்துச்சே. பத்தாவது முடிச்சதும் பதிஞ்சேன். அப்ப நமக்கு திருநெல்வேலிதான் ஜில்லா. நானும் எங்க தெரு தாயம்மாவும் ஒரே நாள்ல, ஒரே பஸ்ல போய்ப் பதிஞ்சோம். அவ எனக்கு முந்துன நம்பர். அதுக்கப்புறம் அவ நூல் மில்லுக்குப் போயிட்டா. ரிஜிஸ்தர்ல பேரு போட்டு, பி.எப். புடிச்சு, அட்டையெல்லாம் குடுத்தாங்க. நான் தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டினேன். அங்க யாருக்குப் பேரு இருந்துச்சு? வந்தா வேலை, வராட்டி இல்ல. பதினோரு வருஷம். வடிவு அப்பா சோலையப்பன் தவறிப் போனப்ப பிள்ளைக்கு ரெண்டு வயசு. மறு வருஷம் கார்டு வந்துச்சு. போஸ்ட்மேன் வாசல்ல நின்னு எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. எங் கையெல்லாம் பசை. கழுவிட்டு வந்து வாங்கினேன்.

தாயம்மாவுக்கு வரல. முந்துன நம்பரு, ஏன் வரல? மில்லுல பேரு போட்டுட்டாங்கல்ல. ஏற்கெனவே வேலையில இருக்கான்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சு போச்சு. பதிவை எடுத்துட்டாங்க. நடுவுல ஒரு தடவை புதுப்பிக்க மறந்துட்டேன்னு அவளும் சொல்லுவா. அது வேற விஷயம்.

அதனால வடிவு விஷயத்துல நான் உஷாரா இருந்தேன். பன்னெண்டாவது முடிச்சு, லேப் படிப்பு ரெண்டு வருஷம் படிச்சா. சர்டிபிகேட் கைக்கு வந்த அன்னைக்கே முதல் பஸ்ல தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். வேலைவாய்ப்பு ஆபீஸ் இன்னும் தெறக்கல. வரிசையில மூணாவது ஆள் நாங்க. அவளுக்குப் பசி. நான் நகர விடல. நகந்தா எடம் போயிரும்ல.

அடுத்த வாரமே இங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தனபாலன்னு ஒருத்தரு வச்சிருந்த லேப்ல வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. ஆர்டர் குடுத்திருந்தாரு. பி.எப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, எல்லாம் எழுதியிருந்துச்சு. பிள்ளை அதைக் கொண்டாந்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சா. எனக்கு அந்த பி.எப். வரிதான் கண்ணுல பட்டுச்சு. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு நானே லேப்புக்குப் போனேன். "ஐயா, எம் மகளுக்கு வேலை குடுங்க. பேரு மட்டும் எதுலயும் போடாதீங்க. அவளுக்கு சீனியாரிட்டி இருக்கு"ன்னேன். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"ன்னாரு. ஆமான்னேன். ஒரு மறுப்பும் சொல்லல தாயி. உடனே சரின்னுட்டாரு. காப்பி வேற வாங்கிக் குடுத்தாரு. தங்கமான மனுஷன். நான் திருப்பிக் குடுத்த ஆர்டரை எங் கண்ணு முன்னாடியே கிழிச்சுக் கூடையில போட்டாரு.

வடிவு அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. "அம்மா, அப்ப நான் அங்க என்னன்னு சொல்லிக்கிறது?"ன்னு ஒரு தடவை கேட்டா. ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம், கார்டு வந்ததும் ஊருக்கே சொல்லிக்கலாம்னேன். அதுக்கப்புறம் கேக்கல.

வேலையில கெட்டிக்காரி. பச்சைப் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கணும்னா டாக்டருங்களே வடிவு இருக்காளான்னு கேட்டுத்தான் அனுப்புவாங்க. ஒரே குத்து. பிள்ளை அழுறதுக்குள்ள ஊசி வெளிய வந்துரும். ரிப்போர்ட்ல மட்டும் வேற ஆளு பேரு இருக்கும். லேப்ல ஜெபராணின்னு ஒரு பிள்ளை பிறகு வந்து சேந்துச்சு. ஊரு நாசரேத்துப் பக்கம். ஊசி புடிக்கத் தெரியாது, கை நடுங்கும். வடிவுதான் தங் கையில குத்தச் சொல்லிப் பழக்கிவிட்டா. ஒரு மாசம் வடிவு கையெல்லாம் நீலம் நீலமா இருந்துச்சு. அந்த ஜெபராணிக்குப் பேரு போட்டுட்டாங்க. அவ பேருலதான் வடிவு பாத்த ரிப்போர்ட்டெல்லாம் போகும். அந்தப் பிள்ளையைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும் தாயி. சின்ன வயசுலயே பி.எப். புடிச்சுட்டாங்களே, இனி இதோட கவர்மெண்ட் வேலை போச்சேன்னு.

லேபர் ஆபீஸ்ல இருந்து ஆய்வுக்கு யாராவது வர்றாங்கன்னு தெரிஞ்சா தனபாலன் முன்கூட்டியே சொல்லிருவாரு. அவரு அதுல கரெக்டு. வடிவு வெள்ளைக் கோட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல போய் ஒக்காந்துக்குவா. அவங்க போனதும் போன் வரும், திரும்பிப் போவா. ஒருநாள் மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் போன் வரல. நான் ஆபீஸ் விட்டு வர்றேன், விளாத்திகுளம் பஸ் நிக்கிற எடத்துல ஒக்காந்திருக்கா. டிபன் பாக்ஸ் மடியில. கைய ஆட்டினேன். பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டா. சரி, யாராவது பாத்து வைக்கப் போறாங்கன்னு நானும் பேசாம நடந்துட்டேன்.

கல்யாணமா? கேக்காம இருப்பாங்களா. கேட்டு வந்தாங்க. பொண்ணு என்ன செய்யிதுன்னாங்க. லேப்னு சொன்னா எந்த லேப்னு விசாரிப்பாங்க, அங்க பேரு இருக்காது, பொய் சொன்ன மாதிரி ஆயிரும். சீனியாரிட்டில இருக்கான்னு சொல்லுவேன். சரி, வந்ததும் சொல்லி அனுப்புங்கன்னு போயிருவாங்க. நாமளும் அப்படித்தானே சொல்லுவோம்.

கொரோனா வந்தப்ப வீட்டுக்கே வராம வேலை பாத்தா. அதெல்லாம் முடிஞ்ச பிறகு ஊர்ல ஒரு சங்கத்துல லேப்ல வேலை பாத்தவங்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துனாங்க. லிஸ்ட்டைப் பாத்துத்தானே கூப்பிடுவாங்க. ஜெபராணி தனக்குப் போத்துனதைக் கொண்டாந்து, "இது ஒங்களுக்குத்தான்க்கா"ன்னு வடிவுகிட்ட குடுத்துட்டுப் போச்சு. மிக்சிக்கு மேல மூடி வச்சிருக்கோம். தூசி விழாம இருக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆள் எடுத்தாங்க. அஞ்சு வருஷம் அனுபவம்னு சர்டிபிகேட் வேணும். வடிவுக்குப் பதினாலு வருஷம். தனபாலன்கிட்ட போய்க் கேட்டா. "ரெக்கார்டுல பேரே இல்லாத ஆளுக்கு நான் எப்படிம்மா எழுதித் தர்றது? ஒங்கம்மாதானே வந்து கேட்டுக்கிட்டாங்க"ன்னாரு. இனிமேலாவது பேரு போடுங்கன்னு கேட்டிருக்கா. இத்தனை வருஷம் எங்க இருந்தாங்கன்னு என்னையப் புடிச்சுக் கேப்பாங்களேம்மான்னுட்டாரு. ஞாயந்தானே? நானும் ஆபீஸ்ல இருந்தவ. ரெக்கார்டுல இல்லாததை நான் யாருக்காவது எடுத்துக் குடுத்திருக்கேனா? அந்த வேலைக்கு ஜெபராணி போச்சு. அதுகிட்ட சர்டிபிகேட் இருந்துச்சு. போறப்ப வீட்டுக்கு வந்து வடிவு கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. வடிவு அழல.

போன வருஷம் தனபாலன் லேப்பை மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்குக் குடுத்துட்டாரு. லிஸ்ட்ல இருந்த ஆறு பேரையும் அவங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஏழாவது ஆளு லிஸ்ட்ல இல்ல. கோட்டையும் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. இன்னைக்கு யாரும் ஆய்வுக்கு வந்திருக்காங்களான்னு கேட்டேன். இல்லம்மான்னா.

ஆனா ஒண்ணு தாயி. பதிவு சுத்தமா இருக்கு. பதினெட்டு வருஷம், ஒரு தடவை கூட விட்டுப் போகல. முன்னாடியெல்லாம் நானே தூத்துக்குடி போய்ப் புதுப்பிச்சுட்டு வருவேன். முட்டி வலி வந்ததுல இருந்து அவளே போன்ல பண்ணிக்கிறா. போன தடவை கேட்டதுக்கும் பாத்துக்கிட்டேம்மான்னா. அடுத்தது இந்த ஜூன். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. இப்ப பரீட்சை, மார்க்குன்னு வேற மாதிரி எடுக்குறாங்கன்னு சொல்றாங்க. சொல்லட்டும். நாளைக்கே மாத்துவாங்க. மாத்துறப்ப வரிசையில நாம இருக்கணும்ல?

காலையில வாசல்ல பேரு பதியிற மேசையில ஒரு சாரு இருந்தாரு. நல்ல மரியாதையானவரு. எம் பைல்ல இருந்த வேலைவாய்ப்பு அட்டையப் பாத்துட்டு, இதுவரைக்கும் எங்கயும் வேலை பாக்கலையாம்மான்னு கேட்டாரு. எப்படிங்கய்யா பாக்குறது, தனியார்ல பேரு போட்டா பதிவு போயிருமேன்னேன். "யாரு சொன்னா? தனியார்ல வேலை பாத்துக்கிட்டே பதிவை வச்சுக்கலாம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. நிறையப் பேரு அப்படித்தானே இருக்காங்க"ன்னாரு. எப்ப இருந்து சார் இந்த ரூலுன்னேன். எப்பவுமே அப்படித்தாம்மான்னாரு. அவருக்கு வயசு கம்மி. பழைய ரூலெல்லாம் தெரிஞ்சிருக்காது. இது புதுசா வந்ததாத்தான் இருக்கும்.

வடிவு பக்கத்துலதான் நின்னா. அவரு சொன்னதைக் கேட்டா. எம் பக்கம் திரும்பல. பாரத்துல அனுபவம்னு இருந்த எடத்துல இல்லைன்னு எழுதினா. எழுதிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிட்டா. அப்ப எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ ஒண்ணு கீழ எறங்குன மாதிரி இருந்துச்சு. காலையில சாப்பிடல, அதுவா இருக்கும்.

இந்தா, வர்றா பாரு. நீலச் சேலை. வடிவு! இங்க, இங்க இருக்கேன். இந்தத் தாயிக்கு மக உள்ள இருக்காம், பி.காம். ஒக்காரு. தண்ணி குடி. என்னடி ஆச்சு?

கெடச்சிருச்சா! எங்க? மதுரை ஆஸ்பத்திரியா? கேட்டியா தாயி, கெடச்சிருச்சாம். யாரு எடுத்தா? யாரு? ஜெபராணியா? நம்ம ஜெபராணியா ஆள் எடுக்க வந்திருக்கா? ஒன்னையக் கண்டதும் எந்திரிச்சு நின்னுட்டாளா. பின்ன நிக்காம? ஒங் கையில குத்திப் படிச்சவதானே.

என்ன வேலைன்னு போட்டிருக்கு? ட்ரெயினியா? ஒனக்கா? அனுபவம் இல்லைன்னு இருந்தா அப்படித்தான் எடுக்க முடியுமாம் தாயி, கம்ப்யூட்டர் வேற எதுவும் வாங்காதாம். ஜெபராணிக்குக் கீழ. ஆறு மாசம் அவகிட்ட வேலை கத்துக்கணுமாம். அதுக்கு வயசு வரம்பு வேற இருந்துச்சாம், ஜெபராணி மதுரைக்குப் போன் போட்டுக் கெஞ்சி வாங்கியிருக்கா. நல்ல பிள்ளை. சரி, இருக்கட்டும். வேலைதானே வேணும்.

பேரு? பேரு போட்டுட்டாங்களா? பி.எப்.லயுமா?

இரு. நீ இங்கயே இரு. பையைப் பாத்துக்கோ தாயி, நான் உள்ள போய் ஜெபராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். வேலை குடுக்கட்டும், வேண்டாங்கல. பேரு மட்டும் போட வேண்டாம். பன்னெண்டு நாள்ல புதுப்பிக்கணும், பதினெட்டு வருஷத்தை இன்னைக்குப் போய்க் கெடுத்துக்கிட்டு... கைய விடுடி. விடு. அந்த சாரு சொன்னா சரியாயிருமா? அவருக்கு என்ன தெரியும்?

என்னது?

எப்ப?

போன தடவையேவா?

அதுக்கு மேல ஒன்றரை வருஷம் சலுகை உண்டே. அதுக்குள்ள... அதுவும் போச்சா.

தாயி, மூணு வருஷத்துக்கு முன்னாடியே புதுப்பிக்காம விட்டுட்டாளாம். மறந்து போகலையாம். தனபாலன் பேரு போட மாட்டேன்னதுக்கு மறு வருஷம். ஜூன் முப்பதாம் தேதி போனை அணைச்சு லேப் டிராயர்ல வச்சுட்டு, நாள் முழுக்க வேலையப் பாத்தாளாம். மறுநாள் எடுத்துப் பாத்தாளாம், பதிவு காலாவதின்னு இருந்துச்சாம். ஏன் எங்கிட்ட சொல்லலைன்னா, நீ தினமும் அந்த அட்டைக்கு விபூதி வச்சுக்கிட்டு இருந்தியேம்மாங்கிறா.

ஆமா. வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்குக் காலையிலயும் வச்சேன்.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேண்டாம். கோவம் வரணும்ல தாயி? வரல. ஒண்ணுமே வரல. எங்க வீட்டுக்காரரு போனப்பவும் இப்படித்தான் மூணு நாள் இருந்துச்சு. அப்ப இவளுக்கு ரெண்டு வயசு, என்னையவே பாத்துக்கிட்டு நிப்பா. இப்பவும் அப்படித்தான் நிக்கிறா பாரு.

அது என்ன காகிதம்? இதுவா ஆர்டரு? குடு. கண்ணாடி பையில இருக்கு, பைலுக்கு அடியில. ம். சோ. சண்முகவடிவு. எல்லா எழுத்தும் சரியாத்தான் போட்டிருக்காங்க. அச்சுல இவ பேரு பாத்து ரொம்ப நாளாச்சு தாயி. அந்தத் தனபாலன் கிழிச்சதுலதான் கடைசியாப் பாத்தேன்.

கீழ இந்த எடம் காலியா இருக்கு. நீ இன்னும் கையெழுத்துப் போடலையா? ஏன்?

எம் முன்னாடிதான் போடணும்னு வெளிய எடுத்துட்டு வந்தாளாம் தாயி. போன தடவை ஆர்டரை நீதானேம்மா திருப்பிக் குடுத்தே, இந்தத் தடவை நீ பாக்கத்தான் போடணும்னு. அஞ்சு மணிக்கு மேசையெல்லாம் எடுத்துருவாங்களாம். அதுக்குள்ள கொண்டு போய்க் குடுக்கணுமாம்.

இந்த நாற்காலி மேல வச்சுப் போடு. அது இல்ல, அதுக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. இந்தா, எம் பைலை அடியில குடுத்துப் போடு. அட்டை கெட்டியா இருக்கும்.

ஒங்கிட்ட பேனா இருக்கா தாயி?